வெல்லம் உதிர்த்த கை

"பிரசவத்தோட போயிடும்மா, பயப்படாதீங்க" என்றார் டாக்டர். பயப்படாதே என்று ஒருவர் சொன்ன பிறகு பயப்படாமல் இருந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது ஆறாம் மாதம் முடிந்திருந்தது. குமட்டக் குமட்டக் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கவைத்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கர்ப்பகாலச் சர்க்கரை என்று தெரிந்தது. கட்டுக்குள் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். குழந்தை ஊதிப் பெருத்துவிடலாம், பிறந்ததும் மூச்சுக்குத் திணறலாம், அபூர்வமாகக் கடைசி வாரங்களில் வயிற்றுக்குள்ளேயே இதயம் நின்றுவிடலாம் என்றார். கடைசியாகச் சொன்னதை வேகமாகச் சொல்லிவிட்டு அவர் உணவுப் பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

இதற்கு முன்னால் எனக்கு இரண்டு முறை கலைந்திருக்கிறது. மூன்றாவதையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வர என்னால் முடியாது. அந்த நாட்களில் என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. நான், என் கணவர், மாமியார், மூன்றே பேர். நான் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவள். எதையும் எண்ணாகச் சொன்னால் நம்புவேன். "கொஞ்சம்", "நிறைய" என்றால் நம்பமாட்டேன். மாமியாருக்கு வெகுநாளாகச் சர்க்கரை உண்டு. என் செய்தியைக் கேட்டதும், "நன்னாருக்கு போ, இப்பதான் நீ முழுசா இந்தாத்துப் பொண்ணா ஆயிருக்கே" என்றார், ஏதோ பரம்பரை நகையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டதைப்போல. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் சொன்னபடி செய்தேன். சாதத்தைப் பாதியாக்கினேன். கேழ்வரகும் சுண்டலும் காயுமாகத் தின்றேன். சாப்பிட்ட பிறகு மாட வீதியில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். இரவில் கொஞ்சம் இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், போட்டுக்கொண்டேன். காலையில் வெறும் வயிற்றிலும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் விரலைக் குத்தி மீட்டரில் பார்த்தேன். எண்கள் சொன்னபேச்சுக் கேட்டன. டாக்டரும் தலையாட்டினார். மார்கழி பிறக்கும்வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இந்த வீட்டுக்கு உண்மையான சொந்தக்காரர் பூஜை அறையில் இருக்கும் பெருமாள். அடுப்பில் எது கொதித்தாலும் முதலில் அவருக்கு, பிறகுதான் எங்களுக்கு. உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட ஒரு சொட்டு நாக்கில் வைக்கக்கூடாது. மாமியார் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாசனை பிடித்தே உப்புப் பார்க்கிறார். பல நாள் தப்பும். பெருமாளும் நாங்களும் பேசாமல் சாப்பிட்டுவிடுவோம். அப்படிப்பட்டவர், பெருமாளின் பால் இருக்கும் ஃபிரிட்ஜில் இன்சுலினையும் வைக்கவேண்டும் என்றதும் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, மூடிபோட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றைத் தனியாகக் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விட்டுக்கொடுத்தல்.

மார்கழி பிறந்ததும் மாமியார் தன் வேண்டுதலை ஆரம்பித்தார். குழந்தை முழுசாகக் கைக்கு வரவேண்டும் என்று, மாதம் முழுவதும் தினமும் காலையில் பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல். அவரே மடியாகச் சமைப்பார். மடி என்றால் குளித்துவிட்டு, யாரும் தொடாமல் தனியே உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, பெருமாள் காரியம் முடிகிறவரை வேறு எதையும் தொடாமல் இருப்பது. நானும் அப்படியே மடியாக உட்கார்ந்து வெல்லத்தை உதிர்த்துத் தரவேண்டும். உருண்டை வெல்லத்தைக் குழவியால் தட்டி, விரலால் நுணுக்கி, தும்பும் மண்ணும் பொறுக்கித் தட்டில் சேர்ப்பேன். கல்லூரி விடுமுறை, உட்கார்ந்து செய்கிற வேலை, எனக்குப் பிடித்தும் இருந்தது.

மீட்டரைத் தொட்டால் மடி போய்விடும். அதிலும் ரத்தம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், மறுபடி குளியல்தான். அதனால் வெல்லம் முதலில், மீட்டர் பிறகு என்று வைத்துக்கொண்டேன். தட்டை மாமியாரிடம் தள்ளிவிட்டு, சொம்புத் தண்ணீரில் கையை அலசி, துண்டில் துடைத்து, என் அறைக்குப் போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் தேய்த்துக் குத்திப் பார்ப்பேன்.

எண்கள் ஏறத் தொடங்கின. வெறும் வயிற்றில் தொண்ணூற்றைந்துக்குள் இருக்கவேண்டியது நூற்றிருபது, நூற்று முப்பது, நூற்று நாற்பது என்று போயிற்று. பகலில் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாம் சரியாக இருக்கும். காலை மட்டும்தான். முதல் நாள் இரவு இன்னும் குறைத்துச் சாப்பிட்டேன். அடுத்த நாள் இரவு மோர் மட்டும் குடித்தேன். காலையில் எண் அசையவில்லை. என் உடம்பே குழந்தைக்கு எதிராகச் சதி செய்கிறது என்று தோன்றி, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று இது இன்னும் சிக்கலாயிற்று. காலையில் சீக்கிரம் வரச்சொன்னதால் எழுந்து நேரே கிளம்பிவிட்டோம். அங்கே எடுத்த ரத்தத்தில் சர்க்கரை அளவாக இருந்தது. நான் கொண்டுபோன மீட்டரில் கோளாறோ என்று அதிலும் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றாகவே காட்டின. ஆக மீட்டர் சரி. கோளாறு நான்தான்.

ரத்தம் எடுத்த நர்ஸ் பிள்ளையார்பாளையத்துக்காரர், வாய் கொஞ்சம் நீளம். "ஏம்மா, இங்க வர்ற அன்னிக்கு மட்டும் பட்டினி கெடந்துக்கினு வந்தா ஆச்சா? வீட்ல நாக்க கட்ட மாட்டியா? உள்ள ஒரு உசுரு இருக்குதும்மா" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சிலருக்கு விடியற்காலையில் உடம்பே சர்க்கரையை அவிழ்த்துவிடும், அதற்குச் சாப்பிட்டிருக்கவேண்டும் என்பதில்லை என்றார். ஆனால் ஒரு நாள் ரத்தத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்று, இரவு இன்சுலினைக் கூட்டினார். காலை எண் இறங்காததால், அடுத்த வாரம் போனில் கேட்டுக்கொண்டு மறுபடியும் கூட்டினார்.

அந்தப் போனுக்குப் பிறகு இரண்டு நாள் மாமியார் என்னையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் நான் வெல்லத் தட்டை இழுத்தபோது அதை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"நானே பண்ணிக்கறேன்."

"ஏம்மா?"

"நானும் சக்கரைக்காரிதாண்டி. நாக்கு படுத்தற பாடு எனக்குத் தெரியாதா? வாய்விட்டுக் கேட்டா பிரசாதமா ஒரு விரல் குடுத்திருப்பேன். அவருக்கு முன்னாடியே வாயில போட்டுக்கறது ரொம்பத் தப்பு."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. பிரசாதம் வந்தபோதுகூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கணவரிடம் கொடுத்துவிட்டவள் நான். வெல்லத்தை உதிர்க்கும் சாக்கில் திருடித் தின்கிறேனாம். அதுவும் பெருமாளுக்கு முன்னால். அதுவும் இந்தக் குழந்தை வயிற்றில் இருக்கும்போது. "நீங்க பாத்தேளா?" என்று கத்தினேன். "பாக்கணுமா? மிஷின் சொல்றதே" என்றார்.

கணவரிடம் முறையிட்டேன். நல்ல மனிதர்தான்; ஆனால் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் ஜன்னலைப் பார்ப்பார். அன்றும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஞாபகமில்லாம ஒரு துண்டு போட்டுண்டிருப்பியோ?" என்றார். அவரிடம் அன்று முழுவதும் பேசவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், வெல்லத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட அன்றைக்கே என் எண் இறங்கிவிட்டது. சடாரென்று எண்பதுக்குக் கீழே. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் கீழே. மாமியார் மீட்டரை எட்டிப்பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். வெல்லம் தள்ளிப்போனது, சர்க்கரை இறங்கியது. இதையே ஒரு மாணவி எழுதியிருந்தால் நானே முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஒருவேளை என்னை அறியாமலே தின்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது. செய்யாத தப்பை நானே நம்பத் தொடங்கினால் அப்புறம் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

அடுத்த நாள் காலை குளித்து மடிப்புடவை கட்டிக்கொண்டு போய் மாமியார் எதிரில் உட்கார்ந்தேன். "வெல்லத்தைக் குடுங்கோ. நீங்க எதிர்ல உக்காருங்கோ. என் வாயையே பாத்துண்டிருங்கோ. அப்புறம் ரத்தம் பாக்கலாம்" என்றேன். அவர் முறைத்தார். பிறகு அரிசியையும் பருப்பையும் வெண்கலப் பானையில் ஏற்றிவிட்டு, உண்மையாகவே எதிரில் உட்கார்ந்துகொண்டார். கணவர் வாசற்படியில் நின்றார். வெளியே பஜனைக் கோஷ்டி தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது.

உதிர்க்க ஆரம்பித்தபோதே உடம்பு சரியில்லை. எழுந்ததிலிருந்து தலை கனத்தது. கோபத்தில் சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். இரண்டாவது உருண்டையைத் தட்டும்போது குழவி கையில் நிற்கவில்லை. அந்த மார்கழிக் குளிரில் கழுத்தில் வேர்வை வழிந்தது. விரல்கள் தந்தியடித்தன. தோற்றுவிடக்கூடாது என்ற வீம்பில் பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் நுணுக்கி முடித்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

கணவர் ஓடிப்போய் மீட்டரை எடுத்துவந்தார். மடியாவது ஒன்றாவது, அங்கேயே என் விரலைக் குத்தினார். நூற்று எண்பத்தாறு.

"ஏறிடுத்தும்மா! ரொம்ப ஏறிடுத்து!" என்று கத்தினார். "தண்ணி மட்டும் குடு. நான் ஆட்டோ கூப்பிடறேன்."

என் கண்ணுக்கு மாமியார் இரண்டாகத் தெரிந்தார். பேச நாக்கு எழவில்லை. குழந்தை காலையிலிருந்து அசையவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

மாமியார் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வேர்வை அவர் கையில் ஒட்டியது. "ஏறினா இப்படிக் குளுந்து வேர்க்காதுடா. எனக்கு ரெண்டு தரம் வந்திருக்கு. இது இறங்கறது" என்றார்.

"அம்மா, மீட்டர் நூத்தி எண்பத்தாறு காட்டறது. இப்ப சக்கரை குடுத்தா குழந்தைக்கு என்ன ஆகுமோ!"

"மீட்டர் பொய் சொல்றது."

"ஆஸ்பத்திரியிலயே பாத்தாச்சு, மீட்டர்ல தப்பில்லே."

"நான் கண்ணை எடுக்காம பாத்துண்டிருந்தேண்டா! ஒரு துணுக்கு இவ வாய்க்குப் போகலை. அப்புறம் எப்படி நூத்தி எண்பத்தாறு வரும்?"

சொல்லிக்கொண்டே தட்டிலிருந்து வெல்லத்தை அள்ளி என் வாயில் திணித்தார். பெருமாளுக்கு இன்னும் காட்டாத வெல்லம். எனக்கு அந்த மயக்கத்திலும் அது தெரிந்தது. தலையைத் திருப்பப் பார்த்தேன். என் தாடையைப் பிடித்துத் திறந்து, விரலை உள்ளே விட்டு உதட்டின் உட்புறம் தேய்த்தார். அதே எச்சில் கையால் மறுபடி தட்டில் அள்ளினார். "முழுங்குடி. என் கண்ணில்லையா, முழுங்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொங்கல் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டோ வருவதற்குள் என்னால் உட்கார முடிந்தது. காந்தி ரோட்டில் பட்டுக்கடைகள் திறந்திருக்கவில்லை. வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆட்டோவுக்காக ஒதுங்கினார்கள். நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, உதை, ஒரே ஒரு தடவை உதைத்துவிடு என்று கெஞ்சிக்கொண்டே போனேன். மாமியார் மடிப்புடவையோடே பக்கத்தில் இருந்தார். அந்தப் புடவையோடு அவர் தெருவில் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

அதே பிள்ளையார்பாளையத்து நர்ஸ்தான் இருந்தார். என் விரலைப் பிடித்ததும் முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா கை இப்டி பிசுபிசுன்னு ஒட்டிக்கினு இருக்குது?" என்று சொல்லி, சோப்புத் தண்ணீரில் என் கையை இழுத்து வைத்துத் தேய்த்துக் கழுவி, துடைத்துவிட்டுக் குத்தினார். அறுபத்தெட்டு. வாய் நிறைய வெல்லம் விழுங்கிய பிறகு அறுபத்தெட்டு. என் கணவர் அந்த எண்ணைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பிறகு முதல்முறையாக ஜன்னலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

டாக்டர் வந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: ஏறியது என் ரத்தம் இல்லை, என் விரல். நுனியில் ஒட்டியிருந்த வெல்லம் அந்த ஒரு சொட்டு ரத்தத்தில் கரைந்து எண்ணை ஏற்றியிருக்கிறது. வெறும் தண்ணீரில் அலசினாலும் பஞ்சால் துடைத்தாலும் அது போகாது. கையை நன்றாகக் கழுவச் சொல்லி முதல் நாளே சொல்லியிருந்தார்கள்தான். மடியில் சோப்பைத் தொடக்கூடாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இல்லாத சர்க்கரைக்கு இன்சுலினைக் கூட்டிக் கூட்டி, இருந்த சர்க்கரையையும் இறக்கிவிட்டிருந்தோம்.

இதையெல்லாம் நான் பாதிதான் கேட்டேன். என் வயிற்றில் கருவியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே இரைச்சல். இடத்தை மாற்றினார்கள், மறுபடியும் இரைச்சல். மாமியார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வந்தது அந்தச் சத்தம், குதிரை ஓடுகிற மாதிரி, வேகமாக, நிற்காமல். "ஓடுது பாருங்க, நல்லா ஓடுது" என்றார் டாக்டர். நான் வாய்விட்டு அழுதேன். சொல்லிவைத்தாற்போல் உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. நர்ஸ் என் தோளைத் தட்டி, "நான் சொன்னத மனசுல வெச்சிக்காதம்மா" என்றார். மாமியார் இன்னும் கட்டில் கம்பியை விடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுப்படி காலையில் விட்டபடியே கிடந்தது. பானையில் அரிசி காய்ந்திருந்தது, தட்டில் மிச்ச வெல்லம் இருந்தது. மாமியார் அதுவரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருந்தார். கணவர், கடைக்குப் போய்ப் புது வெல்லம் வாங்கி வருகிறேன் என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் குளித்து வந்து, புதிதாக அரிசி களைந்து வைத்தார். நான் சாப்பிட்ட அதே தட்டு வெல்லத்தைப் பாகு காய்ச்சிக் கொட்டினார். எங்கள் வீட்டில் எச்சில் பட்ட பண்டத்தைப் பெருமாளிடம் எடுத்துப்போவதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று அதுவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்றுகூட ஆட்டோவில் யோசித்து வைத்திருந்தேன், கொஞ்சம் காரமாகவே. அவர் பொங்கலை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனபோது பாத்திரத்தின் மூடி கடகடவென்று ஆடியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் பயம் அந்த இதயச் சத்தத்தோடு முடிந்துவிட்டது. அவருக்கு முடியவில்லை. இந்தக் குழந்தைக்காகவே வேண்டிக்கொண்டதை இந்தக் குழந்தைக்காகவே முறித்திருக்கிறார். அதற்கு என்ன விலை கேட்கப்படுமோ என்று காலையிலிருந்து அந்த மனுஷி தனியாக நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

பெருமாளுக்கு முன்னால் பாத்திரத்தை வைத்து மூடியைத் திறந்தார். வழக்கமாகச் சொல்லும் பாசுரம் எதையும் சொல்லவில்லை.

"மொதல்ல அவளுக்குக் குடுத்தேன், அப்புறந்தான் உனக்கு. தெரிஞ்சுதான் பண்ணினேன்" என்றார். "கோவம் வந்தா என்கிட்ட வா. அந்தப் பக்கம் போகாதே."